நிரவிய மணல்

அந்த வீட்டு வாசலில் என் தம்பி செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக நேராக வைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவன் செருப்பு ஒன்று வாசலில் கிடந்தால் இன்னொன்று தெருவில் கிடக்கும். ஆனால் அந்த வாசலில் கண்டபடி உதறிவிட்டுப் போக யாருக்கும் கால் வராது. அப்படி ஒரு தரை. கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும் போலிருந்தது.

வீட்டுக்காரர் தளம் போடுகிற கான்ட்ராக்டர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, தளக்காரர் என்றால் தெரியும். அகலமான தோள், அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தரை மட்டமா என்று குமிழி வைத்துப் பார்க்கிற சின்ன ரசமட்டம் ஒன்று எட்டிப் பார்த்தது. எதிரே நிற்பவர் சின்னப் பையனாக இருந்தாலும் ‘வாங்க, போங்க’ தான். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தபோது மேசையில் கொஞ்சம் சர்க்கரை சிந்திக் கிடந்ததைப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கத்துக் கை விளிம்பை வைத்து அதை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து, சமமாகப் பரப்பி, கடைசியில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார். துடைக்கவில்லை. நிரவிவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அவனுடைய இடது புருவத்தின் நடுவே ஒரு பிளவு உண்டு, சின்ன வயதில் தெருக்குழாயில் மோதி வாங்கியது. புருவத்தைத் தூக்கினால் அந்தப் பிளவு விரியும். அதற்கு ‘ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி’ என்று அர்த்தம்.

நாங்கள் மீன் தொட்டி வேலை செய்கிறவர்கள். தொட்டி கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, செத்த மீனை எடுத்துவிட்டு அதே மாதிரி மீனைப் போட்டு வீட்டுக் குழந்தைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் எங்கள் வேலைதான். அம்மா அப்பா போனபிறகு தம்பியை வளர்த்தது நான். எனக்குக் கல்யாணம், குடும்பம் என்று எதுவும் அமையவில்லை, அதற்காக நான் அழுது வடிந்ததும் இல்லை. தம்பிக்கு அமைந்தது. அவன் மனைவிக்கு அப்போதுதான் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. எனக்கென்று இந்த உலகத்தில் இருந்ததெல்லாம் அவர்கள் இரண்டு பேரும், அந்த வயிறும்தான்.

தொட்டி உள்ளறையில், ஜன்னலுக்கு எதிரே இருந்தது. கட்டில் நீளம். இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்டின் மேல் வைத்திருந்தார்கள். நல்ல கனமான கண்ணாடி. அடியில் கறுப்பும் பழுப்புமாகக் கூழாங்கல். மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு ஒட்டி நின்றன. அடியில் மேய்கிற சின்னக் கெளுத்திகள்கூட மேலேதான். அவை கீழேயே கிடக்க வேண்டிய ஜாதி.

“கல்லை எடுத்துட்டு மணல் போட்டுக் குடுங்க. கல்லு நிரவ மாட்டேங்குது” என்றார் தளக்காரர்.

கல்லின் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. நீள்வட்டமாக, இரண்டு கையையும் சேர்த்து அழுத்தி எடுத்தது போல.

“தினமும் காலைல சரி பண்றேன். மறுநாள் பாத்தா அதே எடத்துல பள்ளம். மீன் தோண்டுதுங்களா?”

“இந்தத் துக்கடா மீனா இவ்வளவு கல்லைத் தள்ளப் போகுது? நீங்க வேற சார்” என்று தம்பி சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. “மணல்னா மட்டமா நிக்கும்” என்றார்.

நிக்கும்தான். கெளுத்திகளுக்கும் மணல்தான் நல்லது. கல்லில் உரசி உரசி அவற்றின் மீசை தேய்ந்துபோகும். இங்கே எல்லாவற்றுக்கும் மீசை முளையளவில் நின்றிருந்தது. நான் அதைச் சொன்னதும் அவர், “அப்பப் பாவம், சீக்கிரம் மாத்திடுங்க” என்றார். மீன்மேல் இவ்வளவு இரக்கம் உள்ள மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

வேலை தொடங்கியது. முதலில் தொட்டித் தண்ணீரையே வாளியில் பிடித்து மீன்களை அதில் விட வேண்டும். தம்பி குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். கை பம்ப் ஒன்று பையில் சும்மா கிடக்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் வாயால்தான் உறிஞ்சுவான். அன்றைக்கும் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. காறித் துப்பினான்.

“சிமெண்டு மாதிரி இருக்குக்கா.”

“அதுக்குத்தான் பம்ப் வாங்கி வெச்சிருக்கேன், எருமை.”

மீன்கள் வாளிக்கு வந்ததும் தம்பி அதற்குள் கையை விட்டான். அது அவனுடைய வித்தை. உள்ளங்கையை விரித்துத் தண்ணீருக்கடியில் அசையாமல் வைத்திருப்பான். பயந்துபோன மீன்கூடக் கொஞ்ச நேரத்தில் வந்து அதில் உட்காரும். கெளுத்திகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அவன் உள்ளங்கையில் வயிறு படிய அமர்ந்தன. ரொம்ப நாளாகத் தரையில் கால் வைக்காதவர்கள் உட்கார்ந்தது போல் உட்கார்ந்தன.

பிறகு கல்லை அள்ளினோம். பழைய கல்லுக்கடியில் அழுகல் வாடை இருக்கும், அது எங்களுக்குப் பழக்கம். இங்கே வந்தது வேறு வாடை. ஈரச் சிமெண்டு வாடை, அதற்கடியில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாடை. முறத்தில் அள்ளும்போது கற்களோடு கற்களாக நீளமான முடி சுற்றிக்கொண்டு வந்தது.

“இந்தக் கல்லைப் பாரேன்க்கா. பல்லு மாதிரியே இருக்கு.”

“உன் பல்லைத் தேய்ச்சாலும் அப்படித்தான் வெள்ளையா இருக்கும். வேலையப் பாரு.”

அவன் அதையும் சாக்கில் போட்டான். பழைய கல்லை எங்கள் தொழிலில் யாரும் குப்பையில் கொட்டமாட்டோம். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கிற நல்ல கிருமிகள் கல்லில்தான் ஒட்டியிருக்கும். ஒரு பழைய காலுறையில் கொஞ்சம் கல்லைக் கட்டிப் புதுத் தொட்டியில் தொங்கவிட்டால் போதும், அங்கே மீன் சாகாது. மிச்சம் எங்கள் வீட்டுத் தொட்டிக்கு. சாக்கையும் மீன் வாளியையும் தம்பி கொண்டுபோய் வண்டியில் ஏற்றினான். இங்கே தொட்டி தெளிய எப்படியும் நேரமாகும், அதுவரை மீன்கள் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்பது ஏற்பாடு.

மணலை அலசி அலசி, தண்ணீர் தெளிவாக வந்தபிறகு தொட்டியில் பரப்பினோம். தளக்காரர் எங்களை விலகச் சொல்லிவிட்டுத் தானே நிரவினார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, கண்ணாடியோரமாகச் சுண்டுவிரலை ஓட்டி, கடைசியில் இரண்டு தட்டு. ரசமட்டத்தை மணல்மேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அப்போதுதான் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, தண்ணீரை அதன்மேல் மெதுவாக ஊற்றினோம். அப்படி ஊற்றினால்தான் மணல் கிளம்பாது. பாதித் தொட்டி நிரம்பியதும் நிறுத்தினோம். தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தது. “தெளியட்டும், வாளியக் கழுவிட்டு வரலாம்” என்று பின்கட்டுக்குப் போனோம்.

கூடத்தைத் தாண்டும்போது சுவரில் ஒரு படம் பார்த்தேன். சுருட்டை முடி, மேலுதட்டில் மூக்குவரை போகிற ஒரு தழும்பு, அதைப் பற்றிக் கவலைப்படாத ஒரு பெரிய சிரிப்பு.

“வீட்டம்மாங்களா சார்?”

“தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, படத்தின் விளிம்பைத் தொட்டு நேராக்கினார். படம் ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது.

மணலில் ஒரு முகம் இருந்தது.

மேலே வரைந்த முகம் இல்லை. உள்ளே அமுங்கிய முகம். யாரோ ஒருவரை மணலில் குப்புறப் போட்டு அழுத்தி எடுத்தால் வருமே, அந்த மாதிரி அச்சு. கல்லில் வெறும் பள்ளமாகத் தெரிந்தது மணலில் ஒவ்வொரு இமையாகத் தெரிந்தது. மூக்கு ஒரு பக்கமாக ஒடிந்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. முன்பல் வரிசையில் ஓர் இடைவெளி.

மேலுதட்டில் தழும்பு.

என் கையிலிருந்த வாளி நழுவியது. “டேய், வாடா போலாம்” என்று கிசுகிசுத்தேன். “பையெல்லாம் கெடக்கட்டும், வா.”

அவன் வரவில்லை. தொட்டிமேல் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். “அக்கா, இது அந்தப் படத்துல இருக்குற...”

“என்ன பாக்குறீங்க?”

தளக்காரர் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தரையில் நடந்தால் சத்தமே கேட்காது. எங்களை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். முகம் கொஞ்சமும் மாறவில்லை. சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தண்ணீருக்குள் கையை விட்டு நிரவினார். அவர் கை தாண்டிய இடத்தில் மணல் தானாகவே மறுபடி அமுங்கியது. நெற்றியை மூடினால் நெற்றி திரும்ப வந்தது. வாயை மூடினால் வாய் முன்னைவிட அகலமாகத் திறந்தது.

“இங்கயுமா? இங்கயும் மேடு பள்ளமா? உன்னைய எத்தனை தடவை...” என்று முணுமுணுத்தார். அவர் எங்களோடு பேசவில்லை.

என் தம்பிக்கு வாயை அடக்கவே தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. “சார், இது உங்க வீட்டம்மா முகம் இல்ல?” என்று கேட்டுவிட்டான்.

அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். மிகவும் தன்மையாகச் சொன்னார்.

“அப்படியா தெரியுது? இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

அவன் குனிந்தான்.

தளக்காரரின் கை அவன் பிடரியில் விழுந்தது. முதலில் நெற்றி கண்ணாடி விளிம்பில் மோதிய சத்தம் கேட்டது. அடுத்து தண்ணீர் தெறித்தது. புருவத்திலிருந்து ரத்தம் புகை மாதிரி தண்ணீரில் எழும்பியது. இரண்டு கையாலும், முழு உடம்பின் பாரத்தையும் போட்டு, அவன் முகத்தை மணலுக்குள் அழுத்தினார். தளத்தை இறுக்குகிறவர் போல நிதானமாக அழுத்தினார். என் தம்பியின் கால்கள் ஸ்டாண்டை உதைத்தன. கைகள் கண்ணாடியைப் பிறாண்டின.

நான் அவர் முதுகில் பாய்ந்தேன். தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். காதைக் கடித்தேன். வாயில் ரத்தம் வந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் எடுக்கிற குழாயை அவர் கழுத்தில் போட்டு இறுக்கினேன். முழங்கையால் என் வயிற்றில் ஓர் இடி விட்டார். சுவரில் மோதி விழுந்தேன். பையிலிருந்த சுத்தியல் கையில் அகப்பட்டது. எழுந்து வந்து அவர் தோளில் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. மறுபடி அடித்தேன். உடைந்த கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

கால்கள் உதைப்பது நின்றது.

“டேய்!” என்று கத்தினேன். “டேய்! என் கண்ணு! டேய்!”

அப்போதுதான் மணல் இளகியது.

அதை நான் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தளக்காரரின் கை மணிக்கட்டுவரை இறங்கியது. மணல் இரண்டு விரல் ஆழம்தான், அதன் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே இரும்புப் பலகை. அவர் கை முழங்கைவரை இறங்கியது. தோள்வரை இறங்கியது. தொட்டிக்குக் கீழே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். “விடு! விடுடி!” என்றார். நீளமான முடிக்கற்றை ஒன்று மணலிலிருந்து கிளம்பி அவர் கழுத்தைச் சுற்றியது. அவர் முகம் தண்ணீருக்குள் போனது. என் தம்பியின் முகத்துக்குப் பக்கத்தில், கன்னத்தோடு கன்னமாக, மணலில் புதைந்தது.

இரண்டு தலைகளும் அசையாமல் கிடந்தன.

சுத்தியலால் கண்ணாடியை அடித்தேன். மூன்றாவது அடியில் தொட்டி வெடித்தது. தண்ணீரும் மணலும் கண்ணாடியும் என்மேல் கொட்டின. மேலே நின்றிருந்த ஒரு கண்ணாடிப் பாளம் சரிந்து தளக்காரரின் கழுத்தில் இறங்கியது. அந்தச் சமமான தரையில் ரத்தம் எந்தப் பக்கமும் ஓடத் தெரியாமல் வட்டமாகப் பரவி நின்றது.

தம்பியை மடியில் போட்டு மணலைத் தோண்டி எடுத்தேன். மூக்கில், வாயில், தொண்டையில், எங்கே விரலை விட்டாலும் மணல். நெஞ்சில் குத்தினேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். உள்ளே போனவர்கள் இரண்டு பேர். நான் எந்தச் சாமியிடம் கேட்டேன் என்று தெரியாது, கேட்டேன்.

ஒரு மூச்சு திரும்பி வந்தது.

தம்பி கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். முதன்முதலில் பார்ப்பவன் போலப் பார்த்தான். நான் அவனைக் கட்டிக்கொண்டு கதறினேன். வேறெதையும் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

தங்கச்சி வீட்டிலும் இல்லாத வீட்டம்மாவைத் தேடி, போலீஸ் அந்த அறையின் தளத்தை உடைத்தது. சரியாகத் தொட்டி நின்ற இடத்துக்குக் கீழே அந்த அம்மா இருந்தார். அவர் வாய் நிறையக் கூழாங்கல் இருந்தது என்றார்கள். ஆஸ்பத்திரியில் தம்பிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, “மறுபிறவிதான் போங்க” என்றார் டாக்டர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த அன்று தம்பி செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக நேராக வைத்தான்.

அடிபட்டவன், பயந்திருக்கிறான், ஆறிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவன் சட்டைக் காலர் எப்போதும் ஈரமாக இருந்தது. விரல் நுனிகள், நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல், சுருங்கியே இருந்தன. என்னைக் கிண்டல் செய்வது நின்றுபோனது. ‘எருமை’ என்று நான் திட்டினால் பதிலுக்கு ஒன்று வருமே, அதுவும் இல்லை. அக்கா என்று அவன் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தால், அந்த வீட்டுக்குள் கடைசியாகக் கூப்பிட்டதுதான் காதில் நின்றது.

மீன்கள் அவனிடம் வரவில்லை. அந்த வீட்டு மீன்களை எங்கள் தொட்டியில்தான் விட்டிருந்தேன். அவற்றுக்காக மணல் போட்டு, சாக்கில் மிச்சமிருந்த பழைய கல்லைக் காலுறையில் கட்டி மூலையில் தொங்கவிட்டிருந்தேன். தொழில் பழக்கம், கை தானாகச் செய்துவிடும். அது யாருடைய முகம் அமுங்கிய கல்லென்று கை யோசிக்கவில்லை. தம்பி தொட்டிப் பக்கம் வந்தாலே கெளுத்திகள் எதிர்மூலைக்கு ஓடி ஒண்டிக்கொண்டன.

தம்பி மனைவி ஒருநாள் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணி, அவர் தூங்கும்போதும் கைய அசைச்சுக்கிட்டே இருக்காரு. பெட்ஷீட்டை இப்படி இப்படின்னு...”

“அதிர்ச்சிம்மா. சரியாப் போயிடும்.”

“என் வயித்து மேலயும் கைய வெக்கிறாரு.”

“பிள்ளை அசையுதான்னு பாப்பான்.”

“தடவல அண்ணி. நிரவுறாரு. ஓரத்துலேருந்து நடுவுக்கு, அழுத்தி அழுத்தி. கடைசில ரெண்டு வெரலால தட்டுறாரு. என்னங்கன்னு கேட்டா, மேடா இருக்குங்கிறாரு.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தொட்டி அறைக்குப் போனேன். மணலில் பள்ளம் இருந்தது.

நான் அந்த அம்மாவைத்தான் எதிர்பார்த்தேன்.

தழும்பு உதட்டில் இல்லை. இடது புருவத்தின் நடுவே ஒரு பிளவு இருந்தது. அந்தக் காதை நான் எண்ணெய் வைத்துத் தேய்த்திருக்கிறேன். அந்த மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறேன். கெளுத்திகள் எல்லாம் மூலையை விட்டு வந்து அந்தப் பள்ளத்துக்குள், கன்னத்தில், நெற்றியில், வயிறு படிய உட்கார்ந்திருந்தன. அவன் உள்ளங்கையில் உட்காருமே, அதே மாதிரி.

“டேய்” என்றேன்.

மணலின் வாயிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது.

நான் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெற்ற வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் வயிறு எரிந்தது.

பின்னால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றான். குனிந்து பார்த்துவிட்டுத் தண்ணீரில் கையை விட்டான். மீன்கள் சிதறின. ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தான். என் தம்பியின் கண் மூடியது. மூக்கு மறைந்தது. வாய் கடைசிவரை திறந்திருந்தது. அதையும் மூடி, இரண்டு தட்டுத் தட்டினான்.

பிறகு கூடத்தைப் பார்த்து, மெல்லிய குரலில் மனைவியை அழைத்தான்.

“இங்க வாயேன். மணல் எவ்வளவு அழகா இருக்கு. வந்து குனிஞ்சு பாரு.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். நான் பாய்ந்து போய் அவளுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றேன். அவன் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துத் தன்மையாகச் சொன்னான்.

“கொஞ்சம் நகருங்க.”

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்ட வாய் அது.

அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கட்டின சேலையோடு கொண்டுபோய் அவள் அம்மா வீட்டில் விட்டேன். நான் சொல்லும்வரை கதவைத் திறக்காதே, அவன் வந்தாலும் திறக்காதே என்றேன். அவளுக்கும் தெரிந்திருந்தது.

நீயும் அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். என் தம்பி இங்கே தொட்டிக்குள் இருக்கிறான், நான் எங்கே போவேன்? தினமும் காலையில் அவன் முகம் வரும். நான் பேசுவேன். அப்புறம் தம்பி உடம்பில் நடமாடுகிறவன் வந்து நிரவுவான். மடியில் சுத்தியல் இருக்கும். தொட்டியை உடைத்தால் தம்பி போய்விடுவான். அவனை அடித்தால் அதுவும் தம்பியின் மண்டை. சுத்தியலை எடுப்பேன், வைப்பேன். இப்படியே காலைகள் போயின.

அன்று காலை மழை. அறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டேன்.

தம்பியின் முகம் வந்திருந்தது. ஆனால் அது மேலே பார்க்காமல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கெளுத்திகள் அதில் இல்லை. அவன் திரும்பியிருந்த பக்கத்தில், கன்னத்துக்குப் பக்கத்திலேயே, எல்லாம் ஒரே குவியலாகக் கூடிக் கிடந்தன. நான் கண்ணாடியைத் தட்டினேன். அவை விலகின.

அங்கே இன்னொரு பள்ளம் இருந்தது. சின்னது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும். இன்னும் கண் திறக்காத ஒரு முகம்.

நான் அவன் அறைக்கு ஓடினேன். படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தது. போனை எடுத்து அவள் அம்மா வீட்டுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடினேன்.

சுவரோரம் நேராக வைத்திருந்த செருப்பைக் காணவில்லை.